றோலண்ட் தண்ணீர் குடித்த விதம்

என் தம்பி றோலண்டின் கீழ்த்தாடை 1983 ஜூலை 25ஆம் திகதி திங்கட்கிழமை, பகல் இரண்டரை மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில், இரண்டு இடங்களில் உடைந்தது. ரோட்டு வேலையில் கல் கிளப்புகிற இரும்புப் பாரையான அலவாங்கின் மழுங்கிய முனையால் அடித்தார்கள். முதல் அடியில் பல் நான்கு போனது. இரண்டாவது அடியில் தாடை. மூன்றாவது அடி இடது கண்ணுக்கு மேலே விழுந்தது. அதற்குப் பிறகு விழுந்தவற்றை அவன் எண்ணவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இதைப் பலவிதமாகச் சொல்கிறார்கள். பாஷை தெரியாமல் மாட்டிக்கொண்டான் என்கிறார்கள் சிலர். அது பிழை. றோலண்ட் பேசினால் சிங்களவர்களே அவனிடம் எந்த ஊர் என்று உரிமையோடு கேட்பார்கள். நான் அவனுக்கு ஐந்து வயது மூத்தவள். வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் கேட்டதைக் கேட்டபடி வைத்திருக்கத் தெரியும். அன்று அவன் ஓட்டிய லொறியில் இருந்த பெரியவர்கள் மூவரையும், அவனையும் சேர்த்து, தனித்தனியே விசாரித்து, மூன்றும் ஒத்துப்போன பிறகே எழுதுகிறேன். றோலண்டைக் காட்டிக்கொடுத்தது அவன் தண்ணீர் குடித்த விதம்.

1974இல், சாப்பாட்டுக்கு ஒன்றும் இல்லாத அந்த வருஷத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வயிற்றுக்கடுப்பு வந்தது. பதினொரு நாளில் அம்மாவும் கடைசித் தம்பி ஜோர்ஜும் போனார்கள். ஜோர்ஜுக்குப் பதினாறு வயது. கடைசி நாளில் அவனைத் தூக்கினால் ஈரச் சாக்கின் கனம்தான் இருந்தான். தோட்டத்து மருந்துக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று, ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்ததால் வந்தது, எல்லோரும் ஒரே தம்ளரில் வாய் வைத்ததால் பரவியது என்று சொன்னார். அவர் சொன்ன தோரணையில் எனக்குக் கோபம் வந்தது. றோலண்டுக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து வீட்டில் கொதிக்காத தண்ணீர் இல்லை. வெளியில் எங்கே போனாலும் தம்ளரை உதட்டில் வைக்க மாட்டான். தலையை நிமிர்த்தி, தம்ளரை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஒரு சொட்டுச் சட்டையில் விழாமல் அண்ணாந்து குடிப்பான். லயத்தில் பழைய ஆட்கள் எல்லோரும் அப்படிக் குடிக்கிறவர்கள்தான். நடுவில் விட்டுப்போன பழக்கத்தை இவன் சட்டமாக்கினான். ஒன்பது வருஷம் ஒரு நாளும் தவறவில்லை.

அப்போது அவன் தோட்டத்து லொறி டிரைவர். தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக் களஞ்சியத்துக்கு இறக்குவான். திரும்பும்போது உர மூடை ஏற்றி வருவான். மாதத்தில் பாதி நாள் கடைச் சாப்பாடு. மற்ற டிரைவர்களுக்கு நாற்பது வயதில் வயிறு கெட்டது, றோலண்டுக்குக் கெடவில்லை. கடைக்குள் போனால் முதலில் பின்னால் போய்க் கைகழுவுவான். கைகழுவும் இடத்திலிருந்து சமையல்கட்டு தெரியும். பார்த்துவிட்டு வந்து, இப்போது அடுப்பிலிருந்து இறங்கியது எது என்று கேட்டு அதை மட்டும் வாங்குவான். கண்ணாடி அலுமாரிக்குள் இருப்பதைத் தொட மாட்டான். வயிறு நிறையச் சாப்பிட்டால் கினிகத்தேனை மலை வளைவுகளில் கண் சொருகும் என்று முக்கால் வயிற்றோடு எழுந்துவிடுவான். சாராயம் இல்லை, வெற்றிலை இல்லை. சாப்பிட்டபின் ஸ்டியரிங்கில் தலை வைத்துப் பத்து நிமிடம் தூங்குவான், எழுப்பாமலே எழுவான்.

அவனோடு பதினோரு வருஷம் கிளீனராகப் போனவர் பழனியாண்டி அண்ணன். காதில் கடுக்கன், நெற்றியில் பட்டையாகத் திருநீறு, வாயில் ஓயாத வெற்றிலை. சிங்களத்தில் எண்ணிப் பத்து வார்த்தை தெரியும், அதில் ஆறு கெட்ட வார்த்தை. கடைகளில் இவன் செய்கிற சோதனையைப் பார்த்து, "தம்பி, நீங்க சாப்பிட வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று கேட்பாராம்.

வளைவில் பேசாத பழக்கம் 1979இல் வந்தது. பக்கத்துத் தோட்டத்து டிரைவர் மூக்கன், பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டே லொறியைப் பள்ளத்தில் விட்டார். கயிறு கட்டி இறங்கியவன் றோலண்ட். மூக்கனை இரண்டு துண்டாக மேலே அனுப்பினான். கதை சொன்ன சிரிப்பு மூக்கன் முகத்தில் அப்படியே இருந்தது என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னான். அதன் பிறகு ரோட்டைத் தவிர வேறெங்கும் பார்க்காமல் ஓட்டினான். பழனியாண்டி அண்ணனுக்கும் அதே சட்டம். "எது நடந்தாலும் ரோட்ட மட்டும் பாருங்கண்ணே" என்பான்.

அந்த ஜூலையில் சனிக்கிழமை தேயிலையோடு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை இறக்கி உரம் ஏற்றியாயிற்று. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, வழக்கமாகச் சாப்பிடும் பெரியதம்பி என்பவரின் சைவக் கடைக்கு நடந்தார்கள். கொழும்பில் றோலண்ட் சாப்பிட்ட ஒரே கடை அது. பெரியதம்பி அவனை நேராகச் சமையல்கட்டுக்கே கூட்டிப்போய், "பாத்துக்குங்க இன்ஸ்பெக்டர் ஐயா" என்று மூடியைத் திறந்து காட்டுகிற மனிதர்.

தெருமுனையிலேயே புகை வந்தது. கடைப்பலகைகள் ரோட்டில் எரிந்துகொண்டிருந்தன. பெரியதம்பியை, தமிழர் கடைகளைத் தேடி வந்த முப்பது நாற்பது பேர் கடைக்கு வெளியே இழுத்து வந்திருந்தார்கள். தலையில் வெட்டுப்பட்டு, ரத்தம் கண்ணை மறைத்து, அவர் கையை நீட்டி வழி தேடிக்கொண்டிருந்தாராம். அவர்கள் அவரைத் திருப்பி, எரிகிற கடைக்குள்ளேயே தள்ளினார்கள். வெளியே வந்தார். மறுபடி தள்ளினார்கள். மூன்றாம் முறை வரவில்லை.

றோலண்ட் பழனியாண்டி அண்ணனின் தலையைத் தன் துண்டால் மூடி, அவரைச் சந்துக்குள் இழுத்தான். கைகழுவப் போகும் பின்வாசல் அவனுக்குப் பழக்கம். அங்கே பெரியதம்பியின் மனைவி தனலெட்சுமி, இரண்டு பெண்பிள்ளைகளின் வாயையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டு குப்பைத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, ஆறு வயது. புருஷன் எங்கே என்று அவர் கேட்கவில்லை. சத்தம் கேட்டிருக்கிறார்.

சந்துகள் வழியாகவே அவர்களையும் களஞ்சிய முற்றத்துக்குக் கூட்டிவந்து, லொறியில் உர மூடைகளை மாற்றி அடுக்கினார்கள். டிரைவர் இருக்கைக்கு நேர் பின்னால் ஆள் உட்காரும் அளவு குழி. அதற்குள் தனலெட்சுமி, பிள்ளைகள், பழனியாண்டி அண்ணன். மேலே படங்கு, லொறியை மூடுகிற தார்ப்பாய். சிங்களக் கத்தோலிக்கன் என்று நினைக்கட்டும் என்று, றோலண்ட் சட்டைக்கு வெளியே சிலுவைச் சங்கிலியை எடுத்துவிட்டான். லைசென்ஸை மூடைக்குள் செருகினான். படங்கை இழுத்துக் கட்டுமுன் பழனியாண்டி அண்ணனிடம் சொன்னதை அவரும் தனலெட்சுமியும் ஒரே மாதிரித்தான் என்னிடம் சொன்னார்கள்.

"அண்ணே, எங்கயாவது என்னை எறக்கினா சாவிய வண்டியிலயே விட்டுட்டுப் போவேன். எனக்கு அடி விழுற சத்தம் கேட்டா முன்னால ஏறி எடுத்துட்டுப் போயிருங்க."

"எனக்கு எங்க தம்பி ஓட்டத் தெரியும்? தோட்டத்து முற்றத்துல நாலு தரம் நகத்தியிருக்கேன்."

"பதினோரு வருஷமா நான் கிளட்ச் மிதிக்கிற காலத்தானே பாத்துக்கிட்டு வந்தீங்க. அப்ப என்னைப் பாக்காதீங்க. ரோட்ட மட்டும் பாருங்க."

பதினொரு மணிக்குப் புறப்பட்டார்கள். வழியில் நான்கு இடத்தில் மறித்தார்கள். நான்கு இடத்திலும் றோலண்ட் சிங்களத்தில் பேசி, ஒரு இடத்தில் அவர்களோடு சேர்ந்து சிரித்து, பெற்றோல் கேட்டவர்களுக்கு இது டீசல் வண்டி என்று திட்டி, தப்பி வந்தான். உரத்தின் நாற்றத்தில் ஒருவரும் படங்கைத் தூக்கவில்லை. உள்ளே சின்னப் பிள்ளை இரண்டு முறை வாந்தி எடுத்தாள். தாய் அதைத் தன் சேலையில் ஏந்திக்கொண்டார், சத்தம் வரக் கூடாது என்று.

ஐந்தாவதாக மறித்த இடம், ஆற்றோரமாக ஒரு சின்னக் கடைத்தெரு. பெயரை எழுதவில்லை. அதே ஊர்க்காரர் ஒருவர்தான் பிறகு அவனைக் காப்பாற்றினார். ரோட்டுக்குக் குறுக்கே தார்ப் பீப்பாய்கள். கையில் கத்தி, பொல்லுத்தடி, அலவாங்கு. ஒரு தையல் கடை எரிந்துகொண்டிருந்தது. வாசலில் ஒருவர் குப்புறக் கிடந்தார், முதுகுச் சட்டை புகைந்துகொண்டிருந்தது.

பெயர் கேட்டார்கள். றோலண்ட் சில்வா என்றான். ஊர் கேட்டார்கள். சிலாபம் பக்கம் என்றான். அவர்களில் பெரியவன் அவனைத் தோளில் தட்டி, களைத்துப் போயிருக்கிறாய் மல்லி, இறங்கி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்றான். அதுவரைக்கும் அதட்டியவன் இப்போது தம்பி என்று கூப்பிடுகிறான். மறுத்தால் சந்தேகம் வரும். பீப்பாய்களை உருட்டி வழிவிட்டார்கள். றோலண்ட் லொறியை அந்த இடைவெளிக்குள் மூக்கு நுழைத்து, மேட்டுப்பக்கம் பார்த்து நிறுத்தினான். எங்கே இறங்கினாலும் சாவியைக் கழற்றி மடியில் செருகுகிறவன், அன்று அதை விட்டுவிட்டு இறங்கினான்.

கடையில் ரொட்டியும் சம்பலும் கொடுத்தார்கள். கைகழுவப் போகிற சாக்கில் அடுப்பைப் பார்க்கவில்லை, என்ன கொடுத்தார்களோ அதைத் தின்றான். கண்ணாடி அலுமாரிக்குள் கிடந்த பழைய வடையைக்கூடத் தின்றான். அவர்கள் காலையிலிருந்து செய்ததைச் சொல்லிச் சிரிக்க, அவனும் தலையாட்டினான். எல்லாம் சரியாகப் போயிற்று. சம்பல் காரம். மேசையில் இருந்த தம்ளரை எடுத்தான். தலையை நிமிர்த்தி, ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிக் குடித்து, தம்ளரைக் கீழே வைத்தான்.

வைத்த பிறகுதான் கடையில் பேச்சு நின்றிருப்பது தெரிந்ததாம்.

அலவாங்கு வைத்திருந்தவன் சுவரோரம் நின்றான். ரோட்டு வேலைக்காக எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஏறி இறங்கி, தோட்டத் தமிழர் அண்ணாந்து குடிப்பதைப் பார்த்தவனாக இருக்க வேண்டும். அவன் கோபப்படவில்லை. தம்ளரை எடுத்து வாளியில் அமிழ்த்தி, நிரப்பி, றோலண்டின் முன்னால் வைத்தான். இன்னொரு முறை குடி என்றான்.

றோலண்டுக்கு விளங்கிவிட்டது. தம்ளரை உதட்டில் வைத்து, மடக் மடக்கென்று, எல்லோரையும் போலக் குடித்தான். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. முழுத் தம்ளரும்.

அலவாங்கு வைத்திருந்தவன் கேட்டான்: ஒரே மனுஷன் ஏன் இரண்டு விதமாகக் குடிக்கிறான்?

பதில் சொல்ல வாய் திறக்கும்போதே முதல் அடி விழுந்தது. இரண்டாவது அடிக்கு மேசையோடு சாய்ந்தான். காலைப் பிடித்து இழுத்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தலையைக் காலால் மிதித்துத் தாரில் தேய்த்தான் ஒருவன். இன்னொருவன் எரிகிற தையல் கடையிலிருந்து கொள்ளி எடுத்து வந்து, றோலண்டின் வலது கையை விரித்துப் பிடிக்கச் சொல்லி உள்ளங்கையில் வைத்தான். றோலண்ட் கத்தினான். கத்துவதற்குத் தாடை இல்லாத சத்தம் அது. படங்குக்குள் இருந்தவர்களுக்கு மனிதச் சத்தமாகத் தெரியவில்லையாம். தனலெட்சுமி பெரிய பிள்ளையின் காதைத் தன் முழங்காலால் அடைத்தார்.

பழனியாண்டி அண்ணன் படங்கின் ஓரத்தைக் கிழித்து, பக்கவாட்டில் தொங்கி, டிரைவர் இருக்கைக்குள் விழுந்தார். சாவி இருந்தது. எல்லோரும் றோலண்டைச் சுற்றி நின்றதால் முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. இன்ஜின் சத்தம் கேட்டுத் திரும்பியபோது லொறி துள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது. கதவில் தொங்கியவனின் விரல்களைப் பழனியாண்டி அண்ணன் கதவோடு சேர்த்து அடித்துச் சாத்தினார். முன்னால் ஓடி மறித்தவனின் காலில் சக்கரம் ஏறியது. எலும்பு நொறுங்கியது ஸ்டியரிங்கில் தெரிந்தது என்று சொன்னார். திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துக் கண்ணாடியையும் பார்க்கவில்லை. தம்பி சொன்னபடி ரோட்டை மட்டும் பார்த்தார்.

பாதிப்பேர் லொறியைத் துரத்தினார்கள். மீதிப்பேர் கால் நசுங்கியவனிடம் ஓடினார்கள். அந்த அரை நிமிடத்தில் றோலண்ட் ரோட்டு விளிம்புக்குப் புரண்டு, ஆற்றங்கரைச் சரிவில் உருண்டு, கீழே மூங்கிலுக்குள் போய் விழுந்தான்.

லொறி எங்கள் தோட்டத்துக்கு மாலை ஆறே காலுக்கு வந்தது. ரேடியேட்டர் கொதித்து வெள்ளைப் புகை. வழியில் விழுந்த கல்லெறியில் முன்கண்ணாடி போயிருந்தது. தனலெட்சுமியும் பிள்ளைகளும் இறங்கினார்கள், தலை முதல் கால் வரை உரத்தூள். நான் பிள்ளைக் காம்பராவைப் பூட்டிக்கொண்டிருந்தவள் ஓடினேன். றோலண்ட் இறங்குவான் என்று அவன் பக்கத்துக் கதவில் நின்றேன். பழனியாண்டி அண்ணன் இறங்கினார்.

"தம்பி எங்க?"

"விட்டுட்டு வந்துட்டேன் தங்கச்சி."

"உசிரோடயா?"

"பாக்கல."

பாக்கல என்றார். பதினோரு வருஷம் என் தம்பியின் சோற்றைப் பகிர்ந்து தின்றவர், அவன் உயிரோடு இருக்கிறானா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்கிறார். லொறியின் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற கட்டை காலடியில் கிடந்தது. அதை எடுத்து அடித்தேன். தலைக்கு வந்த முதல் அடியைக் கையால் தடுத்தார். கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகும் இரண்டு அடி அடித்தேன். அவர் ஓடவில்லை, மற்றக் கையைத் தூக்கவும் இல்லை. தனலெட்சுமி வந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்தபோதுதான் நிறுத்தினேன். "அவரு சொன்னதத்தான் இவரு செஞ்சாருங்க" என்று அவர் என் முதுகில் அழுதார். அது என் காதில் ஏறவில்லை.

பத்து நாள் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மூன்றாம் நாள் றோலண்டின் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கச் சொல்லி மாதா கோவிலுக்கு ஆள் அனுப்பினேன். அவன் செத்துவிட்டான் என்றே இருந்தேன். பழனியாண்டி அண்ணனின் கையை மருந்துக்காரர் மூங்கில் வைத்துக் கட்டினார். எப்படி முறிந்தது என்று கேட்டதற்கு, ஏற்றத்தில் ஸ்டியரிங் திரும்பி அடித்தது என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நான் அவர் வாசல் பக்கமே போகவில்லை.

ஆகஸ்ட் நாலாம் திகதி வியாழக்கிழமை காலை, அரசாங்க ஆஸ்பத்திரி வேன் ஒன்று றோலண்டைக் கொண்டுவந்து இறக்கியது. மூங்கிலுக்குள் கிடந்தவனை ஆற்றில் மணல் அள்ளுகிற ஒருவர் தோணியில் போட்டு, மேலே சாக்கைப் பரப்பி மறைத்து, ஆஸ்பத்திரிவரை கொண்டுபோயிருக்கிறார். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். இடது கண் போய்விட்டது. வலது கை பொட்டலமாக இருந்தது. நடந்தான். நான் கட்டிக்கொள்ளப் போனதை மெல்ல விலக்கி, லயத்தின் கடைசிக் காம்பராவைக் காட்டினான். பழனியாண்டி அண்ணனின் காம்பரா.

பேச முடியாது. பிள்ளைக் காம்பராவிலிருந்து பலகைச் சிலேட்டும் குச்சியும் எடுத்து வரச் சொல்லிச் சைகை காட்டினான். எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

பழனியாண்டி அண்ணன் சாக்குக் கட்டிலில் கிடந்தார். அவனைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். றோலண்டின் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அவருடைய கைக்கட்டை றோலண்ட் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், ஒற்றைக் கண்ணால். ஸ்டியரிங் கதையை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் நம்பியிருக்க மாட்டான். எந்த அடி எதனால் விழுந்தது என்று அவனுக்குத் தெரியும்.

"நான்தான் அடிச்சேன் தம்பி" என்றேன்.

அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, சிலேட்டை முழங்காலில் வைத்து, பழக்கமில்லாத இடது கையால் கோணல் கோணலாக எழுதினான். எழுதி என்னிடம் நீட்டினான். பழனியாண்டி அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாது. நான் அடித்தவருக்கு நானே வாசிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன்.

"அண்ணே, வட்டவளை ஏத்தத்துல எத்தனாவது கியர் போட்டீங்க?"

பழனியாண்டி அண்ணன் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ரெண்டு. அங்கேருந்து இங்க வரைக்கும் ரெண்டுதான் தம்பி. மூணு எந்தப் பக்கம்னு தெரியல."

றோலண்ட் சிரித்தான். கம்பி கட்டிய தாடையால் சிரிக்க முடியாமல், மூக்கால் சிரித்தான். ஈறு கிழிந்து ரத்தம் கம்பி வழியாக வழிந்து சட்டையில் விழுந்தது. நிறுத்தச் சொல்லி நான் அவன் தோளைப் பிடித்தேன். பழனியாண்டி அண்ணன் நல்ல கையால் தன் துண்டை எடுத்து அவன் வாயைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "அடுப்புல இருக்கிற சட்டிய எறக்கிட்டுக் கொஞ்சம் சுடுதண்ணி வைங்க தங்கச்சி" என்றார். நான் போய் அவருடைய அடுப்பை ஊதினேன்.